பொக்ஸ் ரூமின் வெப்பநிலை

தம்பி,

இதை நீ பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமிலை வைச்சு வாசிக்காதை. வீட்டை போய், சாப்பிட்டு, ஆறுதலாக் கதிரையிலை இருந்து வாசி. உன்ரை மனிசி பக்கத்திலை இருந்தாலும் பரவாயில்லை, அவவும் அறிய வேண்டிய விசயம்தான். நோர்பரியிலை இருந்து ஹவுன்ஸ்லோவுக்கு ஒரு போன் எடுத்தா முடியிற கதையை இந்த மனுசன் என்னத்துக்குப் பக்கம் பக்கமா எழுதுறார் எண்டு நீ நினைப்பாய். போனிலை நான் மூண்டு தரம் தொடங்கினனான். மூண்டு தரமும் அங்கை மழையோ எண்டு கேட்டுப்போட்டு வைச்சிட்டன்.

உன்ரை கலியாண வீட்டிலை நீ மைக்கைப் பிடிச்சு என்னைப் பற்றி ஒரு கதை சொன்னாய். சனம் கை தட்டினது. சின்னம்மா முந்தானையாலை கண்ணைத் துடைச்சா. நான் எழும்பி நிண்டு கும்பிட்டன். அந்தக் கும்பிடுதான் இப்ப ஒரு மாசமா என்னைப் போட்டு அரிக்குது. நீ சொன்னதிலை நடந்த விசயம் எல்லாம் சரி. ஆனா நீ நன்றி சொன்ன மனுசன் நானில்லை. இதைச் சொன்னா, இத்தனை வருசமா உன்ரை மனசிலை நீ வைச்சிருக்கிற ஒரு நல்ல தகப்பன் இல்லாமல் போயிடுவார். சொல்லாமல் விட்டா, நீங்கள் ரெண்டு பேரும் கூப்பிடுற மாதிரி உங்கட வீட்டிலை வந்திருந்து, அந்த நல்ல தகப்பனுக்கு வைக்கிற சோத்தை நான் சாப்பிட வேண்டி வரும். அது எனக்கு ஏலாது. நடந்ததை எனக்கு நடந்த ஒழுங்கிலேயே சொல்லுறன். குறுக்கை பாயாமல் வாசி.

ஊரிலை நான் ஒரு கல்லூரியின்ரை பௌதிக ஆய்வுகூடத்திலை உதவியாளரா இருந்தது உனக்குத் தெரியும். அங்கை செயல்முறைக் கொப்பியிலை விடை முதல் வரும், வாசிப்பு பிறகு வரும். ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கண்டுபிடிக்கச் சொன்னா, பெடியள் ஒன்பது தசம் எட்டை எழுதிப்போட்டு, பின்னாலை இருந்து கணக்குப் பாத்து வாசிப்புகளை நிரப்புவாங்கள். நான் அதைத் தடுக்கேல்லை. எப்பிடிச் செய்யிறதெண்டு காட்டிக் குடுத்ததே நான்தான். ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகி நிண்டா, "அது கை நடுங்கினது, அழி" எண்டுவன். உனக்கும் அதைத்தானே சொன்னனான். பதினஞ்சு வயசிலை நீ கோர்ஸ்வேர்க்குக்கு ஸ்பிரிங்கிலை பாரம் தூக்கிக் குசினி மேசையிலை வரைபு கீறினாய். ஒரு புள்ளி மட்டும் தனிய வெளியிலை நிண்டது. நான் றப்பரை எடுத்து நீட்டினன். "ஆனா அப்பா, எனக்கு அதுதானே வந்தது" எண்டாய். "உனக்கு மாக்ஸ் வேணுமோ, வந்தது வேணுமோ?" எண்டு கேட்டன். நீ அழிச்சாய். அம்மா அடுப்படியிலை நிண்டபடி, "பிள்ளை கண்ணாலை பாத்ததை ஏனப்பா அழிக்கச் சொல்லுறியள்?" எண்டு கேட்டா. நான் றப்பர்த் தூளை ஊதித் தட்டிவிட்டன்.

லண்டனுக்கு வந்து கனகாலம் பெற்றோல் செட்டிலை நிண்டு, பேந்துதான் அந்தப் பள்ளிக்கூடத்திலை லாப் டெக்னீசியன் வேலை கிடைச்சது. முகவை கழுவுறதும், அசிட் கலக்கிறதும், வயர் எண்ணி அடுக்கிறதும்தான் வேலை. ஒரு வருசம் பெட்டி பெட்டியா டேட்டா லொகர் வந்து இறங்கினது. இப்ப உன்ரை வகுப்பிலை அது பழஞ்சாமான், ஆனா அப்ப எங்களுக்குப் பெரிய புதினம். சவர்க்காரக் கட்டியை விடக் கொஞ்சம் பெரிசா ஒரு பெட்டி. வெப்பம் அளக்கிற கம்பியைக் கொழுவலாம், வெளிச்சம் அளக்கிறதைக் கொழுவலாம், சத்தம் அளக்கிறதையும் கொழுவலாம். தானா வாசிப்பு எடுத்துத் தனக்குள்ளை வைச்சிருக்கும், பிறகு கொம்பியூட்டரோடை பொருத்தினா அதுவே வரைபு கீறும். அதுக்கு முந்தின ஒரு கொம்பியூட்டர் ஒரேயொரு வெப்பக் கம்பியோடை எங்கட அலுமாரிக்குள்ளை தூசி பிடிச்சுக் கிடந்தது. அதை இயக்கத் தெரிஞ்ச மாஸ்டர் பென்சன் எடுத்துப் போனதோடை அதுவும் ஓய்ஞ்சு போச்சு. புதுசுகளைத் தொட ஆசிரியர்மாருக்குப் பயம், பிழைச்சா பிள்ளையளுக்கு முன்னாலை மானம் போயிடும் எண்டு. அதாலை எல்லாத்தையும் முதல் ஓட்டிப் பாக்கிறது என்ரை தலையிலை விழுந்தது.

மெழுகு மாதிரி இருக்கிற ஸ்டியரிக் அசிட்டை உருக்கி ஆறவிடுற பரிசோதனை உனக்குத் தெரியும். முந்தி அரை நிமிசத்துக்கு ஒருக்கா வெப்பமானியைப் பாத்து எழுத வேணும். முப்பது பிள்ளையளும் கண்ணாடிக் குழாயையே பாத்துக்கொண்டு இருக்குங்கள். லொகர் வந்தாப்பிறகு ஒருத்தரும் குழாயைப் பாக்கிறேல்லை. எல்லாரும் ஸ்கிரீனைப் பாப்பினம். குழாய்க்குள்ளை அது ஓரத்திலையிருந்து மெல்ல மெல்ல வெள்ளையா உறையிறதை நான் மட்டும்தான் பாத்துக்கொண்டு நிப்பன். எனக்கு அதிலை ஒரு பெருமை. கருவியை நம்பி ஆளை மறக்கிறது பிள்ளையளின்ரை குணம், எனக்கு அது வராது எண்டு நினைச்சன்.

பௌதிகத்துக்குப் பொறுப்பா இருந்த மிஸ் பெல் ஒரு நாள் சொன்னா, "ஒண்டை வீட்டை கொண்டு போய் ஒரு கிழமை ஓட விடுங்கோ. ஆளில்லாத அறை ஒண்டு எப்பிடி ஆறுது எண்டு பிள்ளையளுக்குக் காட்டுவம். வெப்பமானியோடை ஒரு கிழமை ஒருத்தராலையும் காவல் இருக்கேலாதுதானே" எண்டு. எங்கட வீட்டிலை ஆளில்லாத அறை எண்டா பொக்ஸ் ரூம்தான். மாடிப்படி ஏறினவுடனை இடப்பக்கம், ஒரு கட்டிலும் அலுமாரியும் வைச்சா நடக்க இடமில்லாத அறை. அம்மா கடைசி நாலு மாசமும் படுத்திருந்தது அதுக்குள்ளைதான். தன்ரை இருமல் என்ரை நித்திரையைக் குழப்பும் எண்டு தானாப் போய்ப் படுத்தா. நானும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை.

இதை உனக்கு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா அதுக்குள்ளை படுத்திருந்து "குளிருதப்பா" எண்டுவா. நான் பள்ளிக்கூடத்திலையிருந்து ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து கட்டில் தலைமாட்டிலை கட்டிவிட்டன். குளிருது எண்டு சொல்லேக்கை எல்லாம் அதைக் காட்டி, "இருபத்தொரு பாகை இருக்கு, குளிராது" எண்டுவன். எலும்பும் தோலுமாப் போன ஆளுக்கு இருபத்தொரு பாகையும் குளிரும் எண்டு எனக்கு விளங்கேல்லை. விளங்கினாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டன், ஏனெண்டா என்ரை கையிலை வாசிப்பு இருந்தது. பேந்து அவ சொல்லுறதையே விட்டிட்டா. ஐப்பசியிலை போயிட்டா.

லொகரை நான் அலுமாரிக்கு மேலை வைச்சது தை மாசம். நீ யூனியிலை ரெண்டாம் வருசம். காலமை ஏழரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போவாய், பின்னேரம் ஆறு மணிக்கு வருவாய். நான் எட்டேகாலுக்குக் கதவைப் பூட்டினா நாலேகாலுக்குத்தான் திரும்பத் திறப்பன். ஹீற்றிங் எட்டு மணிக்கு நிண்டு நாலு மணிக்குத் திரும்பப் பத்தும். அப்ப வரைபு எப்பிடி இருக்க வேணும்? எட்டிலையிருந்து நாலு மட்டும் சறுக்கிக்கொண்டு இறங்க வேணும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் போனாப்பிறகு லாப்பிலை பொருத்திப் பாத்தன். இறங்குது. பத்தரை மணிக்கு இறக்கம் நிக்குது. பிறகு ஏறுது, மெல்ல மெல்ல, ஒண்டரைப் பாகை. ரெண்டரைக்குப் பிறகு திரும்ப இறங்குது. திங்களும் அப்பிடி, செவ்வாயும் அப்பிடி, ஐஞ்சு நாளும் அதே நேரம், அதே மேடு.

வெயிலோ எண்டு பாத்தா அது வடக்குப் பாத்த ஜன்னல், திரையும் இழுத்து மூடியிருக்கு, அந்தக் கிழமை முழுக்க மழை. ஒரு மனுசர் சும்மா இருந்தாலே ஒரு நூறு வாட்ஸ் பல்ப் அளவு சூடு விடுவினம் எண்டு மிஸ் பெல் வகுப்பிலை சொல்லுறதை நான் எத்தினை தரம் கேட்டிருப்பன். சாத்தின சின்ன அறைக்குள்ளை ஒரு ஆள் நாலு மணித்தியாலம் இருந்தா எவ்வளவு ஏறுமோ, அவ்வளவுதான் ஏறியிருந்தது. நான் என்ன செய்தன் எண்டு நீ இப்ப ஊகிச்சிருப்பாய். கம்பி பழுது எண்டு எனக்கு நானே சொல்லி, ஐஞ்சு மேட்டையும் ஒவ்வொண்டா அழிச்சு, இடைவெளியை அழகா நிரப்பினன். திங்கக்கிழமை அது பெரிசாச் சுவரிலை விழுந்தது. "ஆளில்லாத அறை இப்பிடித்தான் ஆறும்" எண்டு மிஸ் பெல் சொல்ல, முப்பது பிள்ளையளும் அதைப் பாத்துக் கொப்பியிலை கீறிச்சினம். உண்மையான வரைபை மட்டும் ஒரு தாளிலை அடிச்சு மடிச்சுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சன். ஏன் வைச்சன் எண்டு தெரியாது.

வேறை கம்பி மாத்தி, வெளிச்சம் அளக்கிறதையும் சேர்த்து அடுத்த கிழமையும் வைச்சன். மேடு அப்பிடியே இருந்தது. வெளிச்சக் கோடு மட்டும் நிலத்தோடை ஒட்டிக் கிடந்தது. உயிரோடை இருக்கிற ஆள் எண்டா லைட்டைப் போடும். கள்ளன் எண்டா ஏதாவது களவு போயிருக்கும். பத்தரைக்குக் குளிசை போட்டாப்பிறகு ரெண்டரை மட்டும்தான் அம்மாவுக்கு நோ தணிஞ்சு, தலையணையிலை சாய்ஞ்சு இருப்பா எண்டது எனக்கு அப்பதான் ஞாபகம் வந்தது. உன்னட்டைச் சொல்லுவமோ எண்டு ஒருக்கா யோசிச்சன். நீ ஆறு மணிக்கு வந்து, லெக்சர் நீண்டு போச்சு எண்டு சொல்லி, சோத்தைக் கிண்டிப்போட்டு மேலை போயிடுவாய். தாயை இழந்த பிள்ளையின்ரை தலையிலை இந்த விசர்க்கதையையும் ஏத்த வேண்டாம் எண்டு விட்டன்.

பிறகு சமைக்கத் தொடங்கினன். செத்து முப்பத்தொண்டு, அந்தியேட்டி எல்லாம் முடிஞ்ச ஆளுக்குத் திரும்பப் படைக்கிறது முறையோ எண்டு ஐயரைக் கேக்க வெக்கமா இருந்தது, கேக்கேல்லை. நீ போனாப்பிறகு ஒரு கோப்பையிலை நாலு இடியப்பமும் சம்பலும், பிளாஸ்க்கிலை இஞ்சி போட்ட தேத்தண்ணியும், அவவுக்குப் பிடிச்ச மாதிரி. கட்டில் பக்கத்திலை வைச்சிட்டு வேலைக்குப் போனன். பின்னேரம் வந்து பாத்தா அறையிலை கோப்பையைக் காணேல்லை. குசினிக்கு ஓடினன். கோப்பை கழுவிக் கவிட்டிருக்கு. பிளாஸ்க்கின்ரை மூடி கழட்டி, துணித் துண்டுக்கு மேலை, வாய் கீழை பாக்க வைச்சிருக்கு. அம்மா அப்பிடித்தான் வைப்பா. நான் ஒரு நாளும் அப்பிடி வைச்சதில்லை. ஜக்கெற்றும் கழட்டாமல் குசினி நிலத்திலை இருந்திட்டன்.

பயம் ஒரு மூண்டு நாள் இருந்திருக்கும். பேந்து அது சந்தோசமாப் போச்சுது. கலியாணம் கட்டின இருபத்தைஞ்சு வருசத்திலை அவவுக்கு நான் ஒரு நேரம் சமைச்சுக் குடுத்ததில்லை. அந்தக் கிழமையளிலை ஒவ்வொரு நாளும் குடுத்தன். நடுவிலை ஒரு கிழமை பள்ளிக்கூட விடுமுறை வந்தது. நான் வீட்டிலை நிண்டன். அந்தக் கிழமை அறை சூடேறவே இல்லை, வைச்ச சாப்பாடும் வைச்சபடி கிடந்தது. நான் நிண்டா வரமாட்டா, வெப்பமானிக்காரன் இருக்கிறான் எண்டு பயப்பிடுறா எண்டு நினைச்சன். விடுமுறை முடிய எப்ப வேலைக்குப் போவம் எண்டு இருந்தது.

அதுக்குப் பிறகு சத்தம் அளக்கிறதையும் ஒரு நாள் வைச்சன். அது சத்தத்தைப் பிடிச்சு வைக்காது, எவ்வளவு எண்டு மட்டும்தான் எழுதும். பத்தே முக்காலுக்கு வரைபிலை நாலைஞ்சு கூரான முள்ளு, பேந்து அமைதி, பேந்து திரும்ப நாலைஞ்சு முள்ளு. அம்மாவின்ரை இருமல் அப்பிடித்தான் வரும். பிரிண்டரடியிலை நிண்டுகொண்டு, "இன்னும் இருமல் நிக்கேல்லையே" எண்டு வாய்விட்டுச் சொன்னன். வகுப்பைக் கூட்ட வந்த மனிசி என்னைத் திரும்பிப் பாத்தா.

அடுத்த நாள் மனம் கேக்கேல்லை. தலையிடி எண்டு சொல்லிப்போட்டு மத்தியானம் பஸ் எடுத்து வீட்டை வந்தன். திறப்பைச் சத்தமில்லாமல் திருகினன். மாடிப்படியிலை ஏழாவது படி கிறீச்சிடும், அதைத் தாண்டி ஏறினன். பொக்ஸ் ரூம் கதவு சாத்தியிருந்தது. கதவிலை காதை வைச்சன். உள்ளுக்கை மூச்சு. தம்பி, மூச்சு. கிட்டத்திலை, பதிவா, கதவுக்கு அங்காலை நிலத்திலை ஆரோ சாய்ஞ்சு இருக்கிற மாதிரி. கைப்பிடியிலை கையை வைச்சன். திறந்தா அவ இருப்பா, இல்லாட்டி இல்லாமல் போயிடுவா. இல்லாமல் போறதை ரெண்டாந்தரம் தாங்க எனக்கு ஏலாது எண்டு தெரிஞ்சது. அப்பிடியே நிண்டு, நாலு மாசம் கேக்க வேண்டிய ஆளைக் கேக்காத கேள்வியை அண்டைக்குக் கேட்டன். "குளிருதே?" எண்டு கேட்டன்.

மூச்சு நிண்டுது. பிறகு கதவின்ரை அடிப்பக்கம், நிலத்துக்குக் கிட்ட, விரல் மொளியாலை தட்டின மாதிரி ஒரேயொரு தட்டு. நான் எப்பிடிப் படி இறங்கினன், எப்பிடி பஸ்ஸிலை ஏறினன் எண்டு தெரியாது. அடுத்த நாள் ஹீற்றிங்கை நாள் முழுக்க எரியிற மாதிரி மாத்தினன். அம்மாவின்ரை தடிச்ச கம்பளியை மடிச்சுக் கட்டிலிலை வைச்சன். அதோடை வரைபு தட்டையாப் போச்சு, மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பரிசோதனையைக் கெடுத்துப்போட்டன் எண்டு தெரியும். கெட்டாக் கெடட்டும் எண்டு லொகரையும் திருப்பிக் குடுத்திட்டன். சமைக்கிறதை மட்டும் விடேல்லை.

பங்குனி நடுவிலை ஒரு பின்னேரம் வந்து பாத்தா இடியப்பம் தொடாமல் காய்ஞ்சு கிடந்தது. அடுத்த நாளும் அப்பிடி. மூண்டாம் நாளும் அப்பிடி. அவ போயிட்டா எண்டு விளங்கிச்சுது. ஐப்பசியிலை அழாத அழுகை முழுக்க அண்டைக்கு அழுது, அறையைப் பூட்டித் திறப்பைச் சாமித்தட்டிலை வைச்சன். நீ அந்தக் கிழமைதான் பின்னேரங்களிலை புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு கதைக்கத் தொடங்கினாய். ரெண்டையும் நான் ஒண்டாச் சேர்த்துப் பாக்கவே இல்லை.

உன்ரை மனிசி கலியாணத்துக்கு முந்தியே என்னை, "வாங்க மாமா, எங்களோட வந்து இருங்க" எண்டு தன்ரை மலேசியத் தமிழிலை எத்தினை தரம் கேட்டுட்டா. பஸ் வசதி, கோயில் கிட்ட, கடை கிட்ட எண்டு சாட்டுச் சொன்னன். அம்மா திரும்ப ஒரு நாள் வந்தா அறை பூட்டியிருக்கக் கூடாது எண்டதுக்காக, காலமை வேலைக்குப் போகேக்கை மட்டும் அந்தக் கதவைத் திறந்து விட்டிட்டுப் போற மனுசன் எப்பிடி வீட்டை விட்டிட்டு வாறது?

பிறகு உன்ரை கலியாணம். நீ மைக்கைப் பிடிச்சாய். பாதி இங்கிலீசிலை, பாதி தமிழிலை. "அம்மா செத்தாப்பிறகு நான் தை மாசத்திலையிருந்து யூனிக்குப் போகேல்லை, ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அப்பா வேலைக்குப் போனாப்பிறகு திரும்பி வந்து அம்மாவின்ரை அறைக்குள்ளை இருப்பன். லைட் போட்டா பக்கத்து வீட்டாக்கள் சொல்லிப்போடுவினம், ஹீற்றிங் போட்டா மீற்றர் காட்டிக் குடுக்கும் எண்டு இருட்டிலை இருப்பன். அப்பா ஒரு சென்சரைக் கொண்டுவந்து வைச்சார். எங்கட அப்பா கேக்க மாட்டார், அளப்பார்." எல்லாரும் சிரிச்சினம். "அளந்து கண்டுபிடிச்சிட்டார். ஆனா ஒரு வார்த்தை கேக்கேல்லை. அடுத்த கிழமையிலையிருந்து எனக்குச் சாப்பாடு வைச்சிட்டுப் போனார். ஒரு நாள் வந்து கதவுக்கு வெளியிலை நிண்டு, குளிருதோ எண்டு மட்டும் கேட்டிட்டு, திறக்காமல் போனார். அண்டைக்குத்தான் நான் திரும்பப் போறது எண்டு முடிவெடுத்தனான்." நீ என்னைப் பாத்துக் கிளாசைத் தூக்கினாய்.

அந்த நேரம் என்ரை நெஞ்சுக்குள்ளை என்ன நடந்தது எண்டு சொல்லுறன், கோவிக்காதை. முதல் வந்தது நீயில்லை. அம்மா வரேல்லை, அந்த ரெண்டு மாசமும் அவ ஒரு நாளும் வரேல்லை எண்டதுதான் முதல் வந்தது. முந்நூறு சனத்துக்கு முன்னாலை, மாலை மணக்கிற மண்டபத்திலை, அவவை நான் மூண்டாந்தரம் இழந்தன். அதுக்குப் பிறகுதான் நீ வந்தாய். இருட்டுக்குள்ளை, கதவோடை சாய்ஞ்சு. அதுக்குள்ளை எல்லாரும் கை தட்டத் தொடங்கிட்டினம், நானும் கும்பிட்டிட்டன்.

தம்பி, அந்தச் சாப்பாடு உனக்கு வைச்சதில்லை. அந்தக் கேள்வி உன்னைக் கேட்டதில்லை. அந்த ரெண்டு மாசத்திலை ஒரு தரம்கூட, ஒரேயொரு தரம்கூட, உன்ரை பேர் என்ரை மண்டைக்குள்ளை வரேல்லை. பக்கத்து அறையிலை படுக்கிற பிள்ளை, என்னோடை ஒரு மேசையிலை சாப்பிடுற பிள்ளை. கதவின்ரை தடிப்பளவு தூரத்திலை நிண்டும், செத்த ஆளைத்தான் தேடினன். இருமல் எண்டு நினைச்ச அந்த முள்ளுகள் இருமல் இல்லையெண்டு இப்பத் தெரியும். விடுமுறைக் கிழமை அறை குளிர்ந்து கிடந்ததே, அந்தக் கிழமை நீ மாசி மழைக்குள்ளை எங்கை இருந்தனி? நான் உள்ளை தேத்தண்ணியோடை ஒரு ஆவிக்குக் காத்துக்கொண்டிருக்க, நீ எந்த பஸ் ஸ்டாண்டிலை நிண்டாய்?

அப்டன் பார்க்கிலை சின்னம்மா வீட்டுக்குப் போய் அவவுக்கு மட்டும் சொன்னன். "அத்தான், அக்காதான் உங்கட கையாலை பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்திருக்கிறா. அப்பிடியே இருக்கட்டும், பெடியனுக்கு ஒண்டும் சொல்லாதையுங்கோ" எண்டா. நல்ல கதை. கேக்கவும் ஆறுதலாத்தான் இருந்தது, பஸ்ஸிலை வரேக்கை அரைவாசி நம்பியும் விட்டன். ஆனா எனக்கு என்னைத் தெரியும். அது இன்னொரு புள்ளியை அழிச்சு, இடைவெளியை அழகா நிரப்புற வேலை. இனிமேல் அது வேண்டாம்.

நீயும் இப்ப பிள்ளையளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறாய். என்ரை காலத்திலை ஒரு பெட்டி, உன்ரை காலத்திலை வகுப்பு முழுக்கப் பெட்டி. கருவி பொய் சொல்லாது, அது உண்மை. என்ரை லொகர் ஒரு நாளும் பொய் சொல்லேல்லை, அறைக்குள்ளை ஒரு ஆள் இருக்கு எண்டு ஐஞ்சு நாள் ஐஞ்சு தரம் சொன்னது. எவ்வளவு எண்டு சொல்லும், ஆர் எண்டு சொல்லாது, அதைப் போய்த்தான் பாக்க வேணும். கோட்டை விட்டு விலகி நிக்கிற புள்ளியோடை ஒரு பிள்ளை உன்னட்டை வந்தா, றப்பரைக் குடுக்காதை. நான் உன்ரை கையிலை குடுத்ததை நீ வேறை ஒரு பிள்ளையின்ரை கையிலை குடுக்காதை. உனக்குப் பிள்ளையள் பிறந்து, ஒரு நாள் அவை கதவைச் சாத்திக்கொண்டு இருந்தா, மரியாதை எண்டோ, பயம் எண்டோ வெளியிலை நிக்காதை. திறந்துபோட்டு ஏச்சு வாங்கு.

இந்தக் கடிதத்தோடை நான் மடிச்சு வைச்சிருந்த அந்தத் தாளையும் வைக்கிறன். பொக்கற்றிலை இருந்து மடிப்பிலை கிழிஞ்சு போச்சு, பாத்து விரி. ஐஞ்சு மேடு இருக்கு. இத்தனை வருசமாச் சாமித்தட்டிலை அம்மாவின்ரை படத்துக்குப் பின்னாலை வைச்சு விளக்குக் கொளுத்தினன். அது உன்ரை உடம்புச் சூடு. உன்னட்டை இருக்கிறதுதான் முறை.

பொக்ஸ் ரூமை நேற்று ஒதுக்கினன். திரையைக் கழட்டி, ஜன்னலைத் திறந்து விட்டன். கட்டிலுக்குப் பின்னாலை, கதவடியிலை, சுவரிலை தலை சாய்ஞ்ச இடத்திலை எண்ணெய் ஊத்தை பிடிச்சிருக்கு. அது நிலத்திலை இருக்கிற ஒரு பெடியனின்ரை தலை உயரம். ஆறு வருசமா அந்தச் சுவர் அங்கைதான் நிண்டது, நான் கதவைத் திறந்து விடுவன், குனிஞ்சு ஒரு நாளும் பாக்கேல்லை. அதுக்கு மேலை பெயின்ற் அடிக்கப் போறேல்லை. நீ வந்து பாத்தாப்பிறகு யோசிப்பம். இதை வாசிச்ச பிறகும் நீ என்னைக் கூப்பிட்டா நான் வாறன். கூப்பிடாட்டியும் எனக்கு உன்னிலை கோவமில்லை, பஸ் வசதிதான்.

ஒண்டே ஒண்டு மட்டும் எழுது. அண்டைக்கு நான் கதவடியிலை நிண்டு கேட்டது அம்மாவை. ஒரு தட்டுத் தட்டி மறுமொழி சொன்னது நீ. ஓம் எண்டோ இல்லை எண்டோ அது எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது. இப்ப உன்னைத்தான் கேக்கிறன், வேறை ஒருத்தரையும் நினைக்காமல் கேக்கிறன்.

அண்டைக்கு உனக்குக் குளிர்ந்ததே, தம்பி?

அப்பா